இளவரசி டிஃபிகல்ட்

திருப்பத்தூர்,
6 மார்ச் 2025

அன்புள்ள இளவரசி,

உன் போனுக்கு அடித்து அடித்து எனக்கு அலுத்துவிட்டது. ஒன்று அணைத்து வைத்திருக்கிறாய், இல்லை உங்கள் ஊரில் டவரே இல்லை. அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். புதூர்நாட்டு மலைக்கு ஜீப் ஓட்டுகிற பாண்டுரங்கன் அண்ணனிடம் விசாரித்தேன். "குடும்மா, அவங்க அண்ணன் வூட்லயே குடுத்துட்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.

நீ ஷூ கம்பெனி வேலையை விட்டுப் போனது எனக்குச் செல்லம்மா சொல்லித்தான் தெரிந்தது. பள்ளிக்கூடம் விட்டதும் உன் மகள் ரம்யாவைப் பார்த்துக்கொண்டவள், அவளிடம்கூட முழுதாகச் சொல்லவில்லையாமே. ஷிப்ட் முடிந்து போகும்போதெல்லாம் என் வகுப்பறை வாசலில் நின்று, "அக்கா, இன்னிக்கு இவங்களுக்கு இன்னா பாடம்?" என்று கேட்டு நாலு இங்கிலீஷ் வார்த்தை பிடுங்கிக்கொண்டு போகிறவள் நீ. போகும்போது மட்டும் எனக்கு ஒரு வார்த்தை இல்லை. கோபமாகத்தான் இருக்கிறது.

சக்திவேல் சாரிடம் கேட்டேன். கம்பெனிக்கு ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவர்தானே. "அந்தப் பொண்ணு டிஃபிகல்ட்டும்மா. லின் மேடமே வந்து சொல்ட்டாங்க. லைன் சூப்பர்வைசரே சொன்னப்புறம் நான் இன்னா பண்றது?" என்று கையை விரித்தார். லின் மேடத்தோடு என்ன சண்டை போட்டாய்? உனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் மதியத்தில் உன் டிபன் பாக்ஸைத் திறந்து சாமைச் சோற்றைப் பங்கு கேட்கிறவள் லின். அவளையே பகைத்துக்கொள்ளும்படி என்ன நடந்தது?

என் பாடு எப்போதும் போலத்தான். தைவானிலிருந்து வந்திருக்கும் சூப்பர்வைசர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இங்கிலீஷ் அட்ஜெக்டிவ்களுக்கெல்லாம் ஒரு சின்னப் புத்தகம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாள் முழுக்க லைனில் நின்றுவிட்டு வந்து பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கு அட்ஜெக்டிவ் ஒரு கேடா? சென் சார் தினமும் "ஐ ஆம் போரிங்" என்கிறார். தனக்கு அலுப்பாக இருக்கிறதாம். அதற்கு 'போர்டு' என்று சொல்ல வேண்டும் சார், 'போரிங்' என்றால் மற்றவர்களை அலுக்க வைக்கிற ஆள் என்று தினமும் திருத்துகிறேன். சில நாள் அவர் சொல்வதே சரியோ என்றும் தோன்றுகிறது.

ரம்யாவுக்கு மாத்திரை இருக்கிறதா? அங்கே ராத்திரி வலிப்பு வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு ஓடுவாய்? பதில் எழுது.

ஜெனிலா


புதூர்நாடு,
12 மார்ச் 2025

ஜெனிலா அக்காவுக்கு,

கடிதம் வந்தது. என்ன சண்டை போட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சண்டை போடவில்லை.

எல்லாருக்கும் ராத்திரி ஷிப்ட் மாறி மாறி வரும் என்று போர்டில் எழுதிப் போட்டார்கள் அல்லவா, அன்றைக்கு லின் மேடத்திடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் "பேபி, நைட், ஃபிட்ஸ்" என்று சொல்லி, கையைக் காலை உதறிக் காட்டினேன். பகலில் செல்லம்மா இருக்கிறாள், ராத்திரிக்கு யாரும் இல்லை, என் வூட்டுக்காரர் கேரளாவில் எந்த எஸ்டேட்டில் இருக்கிறார் என்று அவருக்கே தெரியாது, இதையெல்லாம் தமிழில் சொன்னேன். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு "ஐ டெல், ஐ டெல்" என்று சொல்லிவிட்டு நேராகச் சக்திவேல் சார் ரூமுக்குப் போனார்.

நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு சரியாக மூடவில்லை. மேடம் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். "இளவரசி இஸ் டிஃபிகல்ட். வெரி டிஃபிகல்ட். ஷி இஸ் நாட் கன்வீனியன்ட் இன் நைட்." உள்ளே சாரோடு ஆபீஸ் ஆட்கள் மூன்று பேர் இருந்தார்கள். எல்லாரும் நம்ம ஆட்கள்தான். எல்லாரும் தலையாட்டினார்கள்.

டிஃபிகல்ட் என்றால் கஷ்டம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான். நான் கஷ்டமான ஆளாம், ஒத்துவராதவளாம். என் எதிரில் கண்ணீர் விட்டுவிட்டு உள்ளே போய் இப்படிச் சொல்ல எப்படி அக்கா மனசு வந்தது? மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். "உன் பேரு லிஸ்ட்ல இல்லம்மா, போய்ட்டு வா" என்றார் செக்யூரிட்டி.

இங்கே புளி அடிக்கிற காலம். காலையிலிருந்து ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்து என் விரலெல்லாம் எரிகிறது. மிஷினில் தைத்துக்கொண்டிருந்த கை, இந்த வேலையை மறந்துவிட்டது. அண்ணி ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் பாத்திரத்தை வைக்கிற சத்தத்தில் எல்லாம் சொல்லிவிடுகிறாள்.

ரம்யாவுக்குப் போன வாரம் வந்தது. அண்ணன் ஜீப்புக்கு ஓடினார், ஜீப் வருவதற்குள் வலிப்பு தானாகவே நின்றுவிட்டது. அந்த நேரத்தைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. அந்தக் கம்பெனி மேல் எனக்கு ஒன்றும் ஆசை இல்லை அக்கா. பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கிற இடத்தில் என் பிள்ளை தூங்க வேண்டும், அதற்குத்தான் அந்த வேலை. லின் மேடம் அதைப் பிடுங்கிவிட்டார். அவரைப் பற்றி இனி எழுதாதீர்கள்.

இளவரசி


திருப்பத்தூர்,
19 மார்ச் 2025

அன்புள்ள இளவரசி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. கிழித்துப் போடுவதாக இருந்தாலும் கடைசிவரை படித்துவிட்டுக் கிழி.

உன் கடிதத்தைப் படித்ததும் லின் மேல் எனக்கும் ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு வகுப்பில் வேண்டுமென்றே 'டிஃபிகல்ட்' என்று போர்டில் எழுதினேன். ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். லின் எழுந்து, "ஐ ஆம் வெரி டிஃபிகல்ட் இன் இந்தியா" என்றாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை, ஆமாம் ஆமாம் என்பது போலத் தலையாட்டினார்கள். பிறகு அவளே, "மை ஸன் இஸ் இன் தைவான். ஹி இஸ் ஆல்ஸோ டிஃபிகல்ட்" என்றாள்.

பையன் சேட்டை பண்ணுவானா என்று கேட்டேன். "நோ, நோ" என்று பதறிவிட்டாள். "ஹி இஸ் ஸ்மால். ஹி க்ரை."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர்கள் பாஷையில் கணக்கு கஷ்டம் என்பதற்கும் ஒரு குடும்பம் கஷ்டத்தில் இருக்கிறது என்பதற்கும் ஒரே வார்த்தைதான் வருகிறதாம். அதை அப்படியே இங்கிலீஷுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். நம் தமிழில் 'கஷ்டத்துல இருக்கா' என்றால் பாவப்படுகிறோம், 'கஷ்டமான ஆளு' என்றால் ஒதுங்குகிறோம். இங்கிலீஷிலும் அப்படித்தான். லின் முதலாவதைச் சொல்ல நினைத்து இரண்டாவதைச் சொல்லிவிட்டாள். 'கன்வீனியன்ட்' கதையும் அதேதான். என்னிடம் சந்தேகம் கேட்க வரும்போதெல்லாம் "டீச்சர், ஆர் யூ கன்வீனியன்ட்?" என்றுதான் கேட்பாள். எத்தனை தடவை திருத்தியிருக்கிறேன். ராத்திரி ஷிப்ட் உனக்கு வசதிப்படாது என்று சொல்ல வந்து, ராத்திரியில் நீ உதவாதவள் என்பது போலச் சொல்லிவைத்திருக்கிறாள்.

உனக்காகப் பரிந்து பேசத்தான் இளவரசி அவள் உள்ளே போனாள்.

வகுப்பு முடிந்ததும் அவளை உட்கார வைத்து, அன்று அவள் சொன்னதை நம் ஆட்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று விளக்கினேன். நீயாகவே நின்றுவிட்டாய் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். முகம் வெளுத்துப் போய்விட்டது. பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். மறுநாள் கண் வீங்கியிருந்தது. "டீச் மீ கரெக்ட்" என்று என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வாக்கியத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சாப்பாட்டு நேரத்தில்கூட முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். உனக்கு மனசு ஆறினால் ஒரு வரி எழுது.

ஜெனிலா


புதூர்நாடு,
25 மார்ச் 2025

ஜெனிலா அக்காவுக்கு,

கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன்.

லின் மேடம் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அவர் பையனை நினைத்து வருத்தமாகக்கூட இருக்கிறது. "ரம்யாவைப் பார்த்துக்கோ" என்பது போல அவர் பாஷையில் அன்றைக்கு ஏதோ சொல்லிக்கொண்டே என் தலையைத் தடவினார், அதை நான் நடிப்பு என்று நினைத்துவிட்டேன். அவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஆனால் அக்கா, இப்போது வேறு ஒரு கோபம் வந்திருக்கிறது. தப்பாகச் சொன்னது ஊர் தெரியாத, பாஷை தெரியாத ஒரு அம்மா. அதைக் கேட்ட நாலு பேருக்கும் என்னைத் தெரியும். மூன்று வருஷத்தில் நான் தைத்த ஒரு ஜோடி ஷூகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஒருத்தராவது, "இன்னா மேடம் சொல்றீங்க, அந்தப் பொண்ணா?" என்று கேட்டார்களா? இளவரசி ரொம்ப நல்லவள், அவளுக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுங்கள் என்று மேடம் சொல்லியிருந்தால், எந்த இளவரசி, ஏன், எதற்கு என்று நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். கெட்டவள் என்றதும் ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

நீங்களும்தான் அக்கா. உங்கள் முதல் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், என்ன சண்டை போட்டாய் என்று கேட்டீர்கள். எனக்கு வாய் நீளம் என்று எழுதினீர்கள். மலையிலிருந்து இறங்கி வந்தவள், முரட்டுத்தனமாகத்தான் ஏதாவது செய்திருப்பாள் என்று உங்களுக்கும் தோன்றிவிட்டது.

எனக்கு அலுப்பாக இருக்கிறது. கோபப்படக்கூட அலுப்பு. புளி இன்னும் பாதி மரத்தில் இருக்கிறது.

இளவரசி


திருப்பத்தூர்,
31 மார்ச் 2025

இளவரசி,

நீ எழுதியது சரி. உன்னை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அப்படியும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

வர்ற திங்கட்கிழமை காலையில் சக்திவேல் சார் உன்னைப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார். லின் போய் அவர் ரூம் வாசலிலேயே நின்று கேட்டு வாங்கியிருக்கிறாள். நீ எதிரில் இருக்கும்போது அந்த இரண்டு வாக்கியத்தையும் சரியாகச் சொல்லப் போகிறாளாம். அவளைப் பார்த்தால் எனக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. நானும் கூட வருகிறேன்.

சார் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியாது. பெரிதாக நம்பிக்கை கொடுக்க எனக்கு இப்போது உரிமையும் இல்லை. ஆனாலும் வா. ரம்யாவையும் கூட்டிக்கொண்டு வா, அப்படியே ஆஸ்பத்திரியில் காட்டி மாத்திரை வாங்கிக்கொண்டு போகலாம்.

ஜெனிலா


புதூர்நாடு,
9 ஏப்ரல் 2025

ஜெனிலா அக்காவுக்கு,

உங்களிடம் சொல்லாமல் பின் கேட் வழியாக வந்து பஸ் ஏறிவிட்டேன். உங்களை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள், உள்ளே என்ன நடந்தது என்று உங்களுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருக்கும். லின் மேடத்துக்கு அதைச் சொல்ல வார்த்தை இருந்திருக்காது. அதனால் நானே எழுதுகிறேன்.

மேடம் எழுந்து நின்றார். கையை முன்னால் கட்டிக்கொண்டார். "இளவரசி இஸ் இன் டிஃபிகல்ட்டி. நைட் ஷிப்ட் இஸ் நாட் கன்வீனியன்ட் ஃபார் ஹெர்." ஒரு எழுத்துப் பிசகவில்லை அக்கா. சொல்லிவிட்டு உட்காராமல் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் என்னைப் பார்த்தார். "ஓ, அப்டியா. கஷ்டத்துல கீறியா நீ?"

"ஆமாங்க சார். பாப்பாவுக்கு வலிப்பு வருதுங்க. பகல் ஷிப்ட்டு மட்டும் குடுத்தா போதுங்க, எந்த லைன்ல போட்டாலும் நிக்கிறேங்க" என்றேன்.

"அப்ப இன்னும் மோசமாச்சேம்மா. நான் இன்னாவோ நீ வாய் பேசுற ஆளுன்னு நெனைச்சேன். அதையாச்சும் அதட்டி வேலை வாங்கலாம். கஷ்டப்பட்ற ஆளை வச்சினு நான் லைன் ஓட்ட முடியுமா? இன்னிக்கு ஆஸ்பத்திரின்னுவ, நாளைக்கு லீவுன்னுவ. பிள்ளைய நல்லாப் பாத்துக்கோ, போய்ட்டு வா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நல்லபடியாகத்தான் சொன்னார்.

மேடத்துக்குத் தமிழ் புரியவில்லை. சார் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் குனிந்து, "ஐ சே கரெக்ட்?" என்று கேட்டார்.

"யெஸ் மேடம், கரெக்ட்" என்றேன். வேறு என்ன சொல்வது? எழுந்து வந்துவிட்டேன். உங்கள் முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் அந்தப் பக்கமாகப் போனேன்.

தப்பாகச் சொன்னபோதும் வேலை போச்சு, சரியாகச் சொன்னபோதும் வேலை இல்லை. நீங்கள் மேடத்தை அத்தனை பாடுபடுத்தியிருக்க வேண்டாம்.

மாத்திரை வாங்கிவிட்டேன், ஒரு மாதத்துக்கு வரும். நானும் பாப்பாவும் இனி இங்கேதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டிருக்கிறேன். ராத்திரியில் தூங்காமல் அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பகலில் புளியோடு உட்கார்ந்தே தூங்கிவிடுகிறேன்.

இளவரசி


திருப்பத்தூர்,
22 ஏப்ரல் 2025

அன்புள்ள இளவரசி,

உன் கடிதத்துக்கு உடனே எழுத முடியவில்லை. இங்கே நடந்ததை முழுதாகப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றிருந்தேன்.

உன் கதை கேன்டீன் முழுக்கப் பரவிவிட்டது. முதலில் வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. யாராவது மிஷினை விட்டு எழுந்திருக்க அலுத்துக்கொண்டால், "இன்னாடி, நீயும் டிஃபிகல்ட்டா?" என்று கேலி பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த மாதத்து ராத்திரி ஷிப்டுக்கு ஆள் குறிக்க லின் லைனுக்கு வந்தாள். முதல் பெயர் தேவயானி. அவள் மாமியார் படுத்த படுக்கையாக இருப்பது உனக்குத் தெரியுமே. தேவயானி மிஷினை நிறுத்திவிட்டு, "மேடம், ஐ ஆம் டிஃபிகல்ட்" என்றாளாம். லின் திடுக்கிட்டுப் போய் அடுத்த பெயரைப் படித்தாள். கலைவாணிக்குக் கடைசி பஸ்ஸை விட்டால் ஊருக்கு வழியில்லை. அவளும், "ஐ ஆம் டிஃபிகல்ட்." அன்னாள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து நின்று அதையே சொன்னாள். அந்த வரிசை முடியும்வரை ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லையாம். யாரும் கத்தவில்லை, யாரும் வெளியே போகவில்லை. சொல்லிவிட்டு உட்கார்ந்து தைத்தார்கள்.

லின் என் வகுப்புக்கு ஓடி வந்தாள். மூச்சு வாங்கியது. "டீச்சர், தே ஆர் டிஃபிகல்ட், ஆர் தே ஆர் இன் டிஃபிகல்ட்டி?" என்று கேட்டாள். வேறு நாளாக இருந்தால் வித்தியாசத்தை மறுபடியும் விளக்கியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அந்தத் தெம்பு இல்லை. "போத்" என்று மட்டும் சொன்னேன். கேட்டதும் சிரித்துவிட்டாள், அவள் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிறகு ஒரு பெயரும் குறிக்காத தாளைக் கொண்டுபோய்ச் சக்திவேல் சார் மேஜையில் வைத்துவிட்டாள்.

நேற்று சார் என்னைக் கூப்பிட்டார். "எல்லாம் உன் கிளாஸால வந்த வினைம்மா" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, உன்னைத் திரும்ப வரச் சொன்னார். பழைய லைன், பழைய சர்வீஸ், பகல் ஷிப்ட் மட்டும். "அந்தப் பொண்ணு வந்துட்டா இதுங்கல்லாம் அடங்கிடும்" என்றார். உனக்கு மட்டும்தான் இளவரசி. தேவயானிக்கும் அன்னாளுக்கும் ஒன்றும் கிடையாது.

இதை உனக்குச் சந்தோஷமாக எழுத ஆசைப்பட்டேன். முடியவில்லை. வா என்றும் வராதே என்றும் நான் சொல்ல மாட்டேன். நீ எதைச் செய்தாலும் உன்னை நான் கேள்வி கேட்க மாட்டேன். திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டுமாம்.

ஜெனிலா


புதூர்நாடு,
25 ஏப்ரல் 2025

ஜெனிலா அக்காவுக்கு,

வருகிறேன்.

எனக்கு மட்டும் கொடுத்து மற்றவர்கள் வாயை அடைக்கப் பார்க்கிறார் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வேண்டாம் போய்யா என்று சொல்லிவிட்டு மலையில் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கலாம். முந்தாநாள் ரம்யாவுக்கு மறுபடியும் வந்தது அக்கா. இந்தத் தடவை தானாக நிற்கவில்லை. பாண்டுரங்கன் அண்ணன் ஜீப் அன்றைக்கு இங்கேயே தங்கியிருந்ததால் என் பிள்ளை இருக்கிறாள். வண்டி வளைவுகளில் இறங்கும்போது, எவன் எந்த வேலை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன் என்று மடியில் அவளை வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தேன். கடிதம் வந்ததும் அண்ணியிடம் துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன்.

தேவயானி அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. எனக்காக எழுந்து நின்றவர்கள் ராத்திரி ஷிப்டுக்குப் போவார்கள், நான் பகலில் வந்து உட்காருவேன். அவர்கள் என்னைத் திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். செல்லம்மாவிடம் பழைய ரூம் காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். யார் தப்பாகப் பேசினாலும் உங்களுக்கு வாய் சும்மா இருக்காது, தெரியும். கேன்டீனிலேயே பிடித்து வைத்து, டிஃபிகல்ட் இல்லை, இன் டிஃபிகல்ட்டி என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிடுவீர்கள். கொடுக்காதீர்கள் அக்கா. சரியாகச் சொன்னால் சார் பாவம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறார். தப்பாகச் சொன்ன பிறகுதான் கூப்பிட்டுப் பேசுகிறார்.

திங்கட்கிழமை என் மிஷினில் உட்காருவதற்கு முன்னால் நான் லின் மேடத்திடம் போய், பகல் ஷிப்ட் கிடைத்தவளாகவே, அவர்கள் சொன்னதையே சொல்லப் போகிறேன். அன்றைக்கு என்னையும் திருத்தாதீர்கள்.

இளவரசி